முற்றத்தில் ஊற்றுகிறவர்

துபிகோன், போஹோல்
ஜனவரி 20

மருமகள் ஜொவெலினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பேத்தி இங்கிங் பள்ளிக்கூடம் போகிறாள். பன்றி நன்றாகத் தின்கிறது. என் முழங்கால் எப்போதும் போல. அங்கே சாப்பாடு சரியாகப் போடுகிறார்களா, தூக்கம் வருகிறதா என்று எழுது.

அந்த வைத்திய இல்லத்துக்குள் போனதும் உன் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், கடிதம் மட்டும் எழுதலாமாம். நல்லது. எனக்கும் அந்தச் சாமானில் பேசிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்று வகுப்பு. மிச்சத்தைப் படகு எஞ்சினோடு பெட்டியில் வரும் புத்தகங்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எழுத்தில் தப்பிருந்தால் அது என் தப்பு, எந்த வாத்தியாருடையதும் அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். குடித்தது நீ. வைத்தியம் உனக்கு. அதை நான் ஒத்துக்கொண்டேன். செபுவுக்குக் கப்பலேற்றி அனுப்பியதும் நான்தான். ஆனால் என் மகன் எதற்காகச் சனிக்கிழமைதோறும் மூன்று சக்கர வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டு அங்கே வர வேண்டும்? கேட்டேன். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து உக்காரணுமாம்ப்பா" என்றான். "உனக்கென்னடா வியாதி?" என்றேன். "அதைத்தான் கண்டுபிடிக்கிறாங்க" என்கிறான். ஒருத்திக்குப் பல்வலி என்றால் புருஷனும் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்காருவானா?

அந்த டாக்டரம்மா நம் வீட்டைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா? என்னைப் பற்றி? கேட்டால் நீ என்ன சொல்கிறாய் என்று விவரமாக எழுது.

நீ நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொள்ள என் கையை நீட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பொலிகார்போ


செபு
ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நீட்டிய கையை வாங்கி ஒற்றிக்கொண்டேன். சுகமாக இருக்கிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைவு, மற்றபடி குறையில்லை. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் யார் தேய்க்கிறார்கள்? இங்கிங்கிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடித்த வேலை அது.

இங்கே எல்லோரும் பெண்கள்தான். என் அறையில் ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு மீன் ஏலக்காரி. ஏலக்காரி காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் எங்களையே ஏலம் போடுவாள். நான் இதுவரை நல்ல விலைக்குப் போகவில்லை.

ரெனான்தெ ஏன் வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் கேட்டேன். "பொம்பளைங்க பாதிப் பேரு வீட்லதான் குடிக்க ஆரம்பிக்கிறாங்க. வீட்டுக்குத்தான் திரும்பியும் போகணும். வீட்ல பாதி உன் புருஷன்" என்றார் டாக்டரம்மா. முதல் சனிக்கிழமை, போன வாரத்தில் மனைவி செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டார். ரெனான்தெக்கு வேர்த்துவிட்டது. வெகுநேரம் யோசித்து, "சோறு நல்லா வடிப்பா" என்றார். "அவ மூணு வாரமா இங்கதானே இருக்கா, போன வாரம் யாருக்கு வடிச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவர் காது சிவந்து நான் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

உங்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. கவலைப்படாதீர்கள்.

உங்கள் ஜொவெலின்


துபிகோன்
பிப்ரவரி 16

ஜொவெலினுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு இங்கிங் எண்ணெய் தேய்க்கிறாள், பாதி பாயில் போகிறது.

நான் கவலைப்படவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

உன் புருஷனுக்கு அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? நேற்றுச் சோறு குழைந்திருந்தது. "என்னடா இது, சோறா கஞ்சியா?" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்க்கிறான்.

"சோறு கொழஞ்சதுல உங்களுக்கு வருத்தம். அப்படித்தானேப்பா?"

"வருத்தமில்ல. கோபம்."

"கோபமா இருக்கீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"டேய், காது கேக்கலையா உனக்கு?"

"எனக்குக் காது கேக்கலையோன்னு நெனக்கிறீங்க."

தட்டை எடுத்துக்கொண்டு பன்றிப்பட்டிப் பக்கம் போய்ச் சாப்பிட்டேன். பன்றி திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று. சாயங்காலம் நம் முற்றத்தில் நடப்பது உனக்குத் தெரியும். ஒரு குடம் கள், எல்லோருக்கும் ஒரே கண்ணாடி டம்ளர், ஊற்றுகிறவன் நான். டம்ளர் வரிசையாக வரும். தன் முறை வந்தால் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் ஊற்றுகிறவனை அவமதித்ததாக அர்த்தம். என் சொந்த மகன், என் கையிலிருந்து வந்த டம்ளரை உள்ளங்கையால் மூடி, "எனக்கு வேணாம்ப்பா, இனிமே சோடாதான்" என்றான். பெனிங் விடுவானா? "என்ன பொலி, பொண்டாட்டி மசக்கைக்குப் புருஷன் மாங்கா தின்ற மாதிரியா?" என்று சிரித்தான். இங்கிங்குக்கு ஞானத்தகப்பன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அவனுக்கு என்ன வியாதி என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பொலிகார்போ


செபு
பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கையை ஒற்றிக்கொள்கிறேன். உடம்பு தேறிவருகிறது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டது.

உங்கள் கடிதத்தில் பன்றிப்பட்டி வரும் இடம் வரைக்கும் அறையில் இருந்தவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுஷன் கல்யாணம் ஆனவரா?" என்று கேட்டாள். மனைவியை இழந்தவர், ஆனால் முழங்கால் சரியில்லை என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

அந்தப் பயிற்சிக்குப் பெயர் கேட்டல். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பதில். இன்னொன்றும் உண்டு. தினம் ஒருமுறை நான் அவர் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு நான் குடிக்கல, குடிக்கவும் மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர், "சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய கதை எதையும் கிளறக் கூடாது. அவரும் அதையே என்னிடம் சொல்கிறார். அவர் இல்லாத நாட்களில் அவர் படத்திடம் சொல்கிறேன். படம் நன்றாகக் கேட்கிறது.

ஒரு விஷயம் எழுதத் தயக்கம். ஜூனில் எனக்கு இங்கே முடிகிறது. தினம் கள் குடம் வைக்கிற வீட்டுக்குத் திரும்புவது சரிவராது என்கிறார் டாக்டரம்மா. இங்கே செபு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு இருக்கிறது. இங்கிங்கையும் கூட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாமா என்று ரெனான்தெயும் நானும் பேசினோம். முடிவு எடுக்கவில்லை. பேசினோம், அவ்வளவுதான்.

உங்கள் ஜொவெலின்


துபிகோன்
மார்ச் 24

ஜொவெலினுக்கு,

கடிதம் வந்தது. சுகம்.

இதை ரெனான்தெ கையில் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன். அவனும் நானும் இப்போது அதிகம் பேசுவதில்லை. பேசினால் திருப்பிச் சொல்கிறான்.

வீடு அதே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பலகையும் நான் அடித்தது. உன் மாமியார் செத்ததும் இதே வீட்டில். இங்கிங் பிறந்தபோது தொப்புள்கொடியைப் புதைத்த மூங்கில் புதர் பின்பக்கம் நிற்கிறது. ஒரு குடம் கள்ளுக்காக இதையெல்லாம் விட்டுவிட்டு, துறைமுகத்தில் எவளோ ஒருத்தியின் அறைக்கு என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். போங்கள்.

என் பேச்சே எழவில்லை என்று எழுதினாய். பிறகு குடத்தைப் பற்றி அந்த அம்மாளுக்குச் சொன்னது யார், பன்றியா?

பொலிகார்போ


செபு
ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கையை நீட்டவில்லை. இருந்தாலும் ஒற்றிக்கொள்கிறேன். முழங்கால் எப்படியிருக்கிறது என்று எழுதாததால் வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் டம்ளர் எங்கே, யாரால் வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். ரெனான்தெ குனிந்து தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். "யாரும் குடுக்கல. முத்தத்துல குடம் இருந்துச்சு, நானா எடுத்து ஊத்திக்கிட்டேன்" என்றேன். குடம் வந்தது அப்படித்தான். உங்கள் பெயர் வரவில்லை. வரவும் விடமாட்டேன். இதை நினைத்து நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ரெனான்தெ கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று சீக்கிரமே எழுந்து போனார்.

உங்கள் ஜொவெலின்


துபிகோன்
ஏப்ரல் 12

ஜொவெலினுக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன். முதலில் இது.

நீயாக எடுத்து ஊற்றிக்கொண்டாயா? என் முற்றத்திலா? இருபது வயதிலிருந்து அந்த முற்றத்தில் ஊற்றுகிறவன் நான். என் அண்ணன் குடத்தில் கை வைத்தபோது அவனையே எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை ஊராட்சித் தலைவர் டம்ளருக்கு எட்டினார், அவர் கையைத் தட்டிவிட்டேன். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கச் சொல். பொலிகார்போ முற்றத்தில் ஒருத்தி தானாக எடுத்துக் குடித்தாள் என்றால், ஊற்றுகிறவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். நான் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். உன் மாமியார் போன பிறகு எங்களுக்குத் தொட்டுக்கொள்ள மீன் பொரித்தது நீ. கண்ணில் புகையோடு நீ அடுப்படியில் நிற்க, இவர்கள் பாட்டுக்குத் தின்றார்கள். அப்போது நான்தான் சொன்னேன்: "வேலை செய்றவளுக்கும் ஒரு பங்கு உண்டு. டேய், இதைக் கொண்டுபோய் அவ கையில குடு." அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டம்ளர் உள்ளே வந்தது. என் கணக்கில் அது நியாயம். அதை நான் யாரிடமும் ஒளிக்கவில்லை, நீ ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவள் எழுதிவைத்ததை அடித்துவிட்டுச் சரியாக எழுதச் சொல்.

சுகம்தானே?

பொலிகார்போ


செபு
ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

கையை ஒற்றிக்கொள்கிறேன், இந்த முறை கொஞ்சம் அதிக நேரம். சுகம்தான்.

சனிக்கிழமை எங்கள் இருவரின் சம்மதத்தோடு உங்கள் கடிதத்தை டாக்டரம்மா படித்தார். ஊராட்சித் தலைவர் கையைத் தட்டிவிட்ட இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரெனான்தெ சிரிக்கவில்லை. "டம்ளரைத் தூக்கிட்டுப் போனது நான்தான்" என்றார். "தெனமும். முதல்ல அவ வேணாம்னுதான் சொன்னா. திருப்பிக் கொண்டுபோனா அப்பா மூஞ்சில எப்படி முழிக்கிறது? 'குடிச்சிரு, அப்பா பாக்குறாரு'ன்னு நானே சொன்னேன்."

நானும் சொன்னேன். செருப்புச் சத்தம் முற்றத்திலிருந்து வருகிறதா என்று அடுப்படியில் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். காத்திருந்தது அவருக்கா, டம்ளருக்கா என்று ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கே தெரியவில்லை. இதைக் கேட்டுவிட்டு அவர் திருப்பிச் சொல்ல முயன்றார். பயிற்சி அல்லவா. பாதியில் நிறுத்தி, "எனக்காகத்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவ்வளவு நாள் சேர்ந்து உட்கார்ந்ததில் அன்றைக்குத்தான் நாங்கள் நிஜமாகப் பேசினோம்.

இனி ஒரு செய்தி. ஊர்த் திருநாளுக்கு ஐந்து நாள் வீட்டுக்குப் போய்வரலாம் என்கிறார் டாக்டரம்மா. அந்த நாட்களில் வீட்டில் மது இருக்கக் கூடாது, சொட்டுக்கூட. திருநாளன்று போஹோலில் எந்த வீடும் வாசலை மூடாது, வருகிறவன் தெரியாதவனானாலும் டம்ளர் நீட்டுவோம் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப வேற வருஷம் போ" என்றார்.

உங்களிடம் இதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்கவும் இல்லை. தெரிவிக்கிறேன்.

உங்கள் ஜொவெலின்


துபிகோன்
மே 6

ஜொவெலினுக்கு,

எல்லோரும் சுகம், முழங்கால் தவிர.

கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லதாயிற்று. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

முன்சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. பன்றி திருநாளுக்குத் தயார், அதற்கு மட்டும் இன்னும் தெரியாது. ஊதா வள்ளிக்கிழங்கு கிண்டுவதற்காக இங்கிங் கூடையைத் தூக்கிவந்தபோது ஒரு கிழங்கைக் கீழே போட்டுவிட்டாள். ஊர் வழக்கப்படி, விழுந்த கிழங்கை எடுத்து முத்தம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள், மண்ணோடு. பல்லெல்லாம் மண்.

பெனிங் நாலு நாளாக இந்தப் பக்கம் வருவதில்லை. மற்றவர்களும் அவன் வீட்டுக்கே போகிறார்கள். மனிதர்களுக்கு என்ன கோபமோ தெரியாது. சாயங்காலம் முற்றத்தில் கோழிகள் நடக்கின்றன. எனக்கும் சீக்கிரம் படுக்க வசதி.

திருநாளுக்கு முந்தின நாள் காலைக் கப்பலில் கூட்டம் இருக்கும். மதியக் கப்பலில் வா.

பொலிகார்போ


செபு
மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

கையை நேரிலேயே ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இருந்தாலும் வழக்கத்தை விடவில்லை. சுகமாகத் திரும்பிச் சேர்ந்தேன்.

திருநாள் எப்படிப் போனது என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள்.

பூசை முடிந்து முற்றம் நிறைந்துவிட்டது. பன்றித்தோல் மொறுமொறுவென்று உடைகிறது, எல்லோரும் குடத்தைத் தேடுகிறார்கள். பெனிங் மாமாகூட வந்திருந்தார். நீங்கள் உங்கள் டம்ளரைக் கொண்டுவந்து மேசை நடுவில் கவிழ்த்து வைத்தீர்கள்.

"இந்த முத்தத்துல ஊத்துறவன் யாரு?"

"நீதான்" என்றார்கள்.

"இன்னிக்கு ஊத்தல. நாளைக்கும் ஊத்தல. வேணும்கிறவன் பெனிங் வீட்டுக்குப் போ. அங்க கள்ளு புளிச்சிருக்கும், அது உன் தலையெழுத்து."

"என்ன பொலி, டாக்டரம்மா உத்தரவா?" என்றார் பெனிங் மாமா.

"எனக்கு உத்தரவு போட இந்தத் தீவுல இன்னும் ஆள் பொறக்கல. ஊத்துறவன் இஷ்டம்."

பெனிங் மாமா தட்டை நீட்டி, "சரி, அப்ப காதுப் பக்கம் கறி எனக்கு" என்றார். யாரும் போகவில்லை, அப்பா. சோடா தீர்ந்து ரெனான்தெ மூன்று முறை கடைக்கு ஓடினார்.

காலையில் நாங்கள் பின்படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் அந்த 'இன்னிக்கு நான் குடிக்கல' வாக்கியத்தைச் சொன்னபோது சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றதும் தெரியும். உங்கள் இருமலை நீங்கள் அடக்க அடக்க அது பெரிதாகக் கேட்கும்.

டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனாலும் அவர் சொல்வது, திருநாள் ஐந்து நாள், வருடம் நீளமானது. நான் அந்த வீட்டுக்கே திரும்புவதானால், கூட வாழப்போகிறவரும் ஒருமுறை எங்களோடு வந்து உட்கார்ந்து பேச வேண்டும். ஜூன் 7, சனிக்கிழமை, காலை பத்து மணி. நீங்கள் வராவிட்டால் அந்த அறையை எடுப்பதாக வீட்டுக்காரிக்குச் சொல்லியிருக்கிறோம். எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை. இதை ரெனான்தெயிடமும் சொல்லிவிட்டேன்.

இதையும் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

உங்கள் ஜொவெலின்


துபிகோன்
மே 31

ஜொவெலினுக்கு,

சுகம். உன் சுகமும் அறிந்தேன்.

வரமாட்டேன். எனக்கு வியாதி இல்லை. ஒரு டாக்டரம்மா நாள் குறித்து, மணி குறித்து, என்னை வரவழைத்துக் கேள்வி கேட்க நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. அன்றைக்குத் துடுப்புப் படகுகளுக்குத் தார் பூசும் வேலையும் இருக்கிறது. சுவர்ப் பக்கம் நின்றது பூனையைத் தேடி.

பொலிகார்போ


செபு, உங்கள் வாசல்
ஜூன் 6, வெள்ளிக்கிழமை

ஜொவெலினுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இதைக் காவல்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆள் நல்லவர்தான், ஆனால் பிடிவாதக்காரர். நாளைக்குத்தான் உங்கள் பெயர் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்கிறார். நாளைக்கு வந்தால் கூப்பிட்டு வந்ததாக ஆகிவிடும். அதனால் இன்றைக்கே வந்தேன். இன்றைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

துறைமுகத்திலிருந்து வரும் வழியில் அந்த அறையையும் பார்த்தேன். ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அங்கே என் பேத்தி படுக்க முடியாது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். இதில் உனக்கும் ரெனான்தெக்கும் கோபம் இருந்தால் நாளைக்கு அந்த அம்மாள் முன்னால் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். திருப்பிச் சொல்லமாட்டேன், கேட்டுக்கொள்கிறேன்.

இன்று இரவு துறைமுகத்தில் என் சிநேகிதன் படகில் படுத்துக்கொள்வேன். அதுவரை இந்த வாசலில்தான் இருக்கிறேன். ஊரான் நாற்காலியில் உட்கார்ந்து நியாயம் பேசி எனக்குப் பழக்கமில்லை. நான் உட்கார்ந்து ஊற்றும் முற்றத்து முக்காலியைக் கொண்டுவந்திருக்கிறேன். கப்பலில் அதற்கும் சீட்டு வாங்கச் சொன்னார்கள், முடியாது என்றேன்.

மாடி ஜன்னலில் பெண்கள் கூடி நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் நிற்பது நீயா என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. நீதான் என்றால் கையைத் தூக்கு.

பொலிகார்போ